பெண்பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது?

நவம்பர் 2ஆம் திகதி, இறந்துபோன உறவினர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் கொண்டுவருவார்கள் என்பது சிசிலியின் மரபு. பலேர்மோவில் இதற்கென்றே சந்தை கூடுகிறது. நாமும் வாங்குகிறோம்: ஆண்பிள்ளைக்கு வாகனம், பெண்பிள்ளைக்குச் சமையலறை. இங்குள்ள நம்மவர்களில் பலர் அடுத்தவர் வீடுகளில் துடைத்தும் சமைத்தும் முதியோரைப் பராமரித்துமே பிழைத்தவர்கள். அப்படியிருக்க, மகளுக்கு நாம் கொடுக்கும் பிளாஸ்ரிக் அடுப்பு எதற்கான ஒத்திகை?

இப்பிரிவினை நாம் இங்கு வந்து கற்றதல்ல. ஊரில் நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து உருட்டியவர்கள் பெடியன்கள். சிரட்டையில் மண்சோறு சமைத்தவர்கள் பெட்டைகள். அச்சும் சில்லும் பற்றிய முதற்பாடம் ஒரு பாலாருக்கு மட்டுமே கிடைத்தது. ஐரோப்பாவும் விலக்கல்ல. லிவர்பூலைச் சேர்ந்த பிராங் ஹோர்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ பல பத்தாண்டுகள் பையன்களுக்கென்றே விற்கப்பட்டது.

நான் பௌதிகம் படிப்பித்த காலத்தில், பரீட்சையில் முதலிடம் பெற்ற மாணவிகள் ஆய்வுகூடத்தில் திருகாணியைத் தொடத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். குறை அறிவில் இல்லை, கை பழகவில்லை. இப்போது நான் வேலைசெய்யும் தொழிற்சாலையிலும் இயந்திரத்தைத் திறப்பவர்கள் ஆண்கள், துடைப்பவர்கள் பெண்கள்.

2012இல் லெகோ நிறுவனம் பெண்பிள்ளைகளுக்கென 'பிரெண்ட்ஸ்' வரிசையை வெளியிட்டபோது சர்ச்சை பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தையும் பால்வார்ப்பையும் சுற்றியே நடந்தது. நிறத்தைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. பொருளைக் கழற்றி வேறொன்றாகப் பூட்டமுடியுமா? பிழையாகச் செய்தால் அது விழுந்து காட்டுமா? ஏன் விழுந்தது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கமுடியுமா?

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் பங்குகொண்ட அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரியூப்பையும் கொண்டே உருவங்கள் அமைத்தார். மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம் அசையாது. நான்கை இணைத்தால் சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் உறுதிபெறும். இரும்புப் பாலங்களிலும் மின்கம்பிக் கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பது இதனாலேயே. பலேர்மோவில் வேகவைக்காத ஸ்பகெட்டியும் களிமண் உருண்டைகளும் போதும். நீளத் துண்டு அழுத்தத்தில் வளைந்து முறியும், குட்டைத் துண்டு தாங்கும் என்பதையும் அது கற்பிக்கும்.

'விளையாட்டுப் பொருளா பொறியியலாளரை உருவாக்குகிறது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவின் முதற் பெண் பொறியியலாளர்களில் ஒருவரான அ. லலிதா பதினெட்டு வயதில் விதவையானவர். 1940களில் சென்னை கிண்டியில் அவர் மின்பொறியியல் கற்பதற்கு, அங்கு பேராசிரியராக இருந்த தந்தையின் துணை இருந்தது. பொருள் மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து, 'ஏன் விழுந்தது?' என்று கேட்க ஒருவர் வேண்டும். அது தாயாகவும் இருக்கலாம். வீடு துடைத்துக் களைத்து வந்தவரிடம் நேரம் எங்கே என்பதும் உண்மை. அந்த நேரத்தைத் தகப்பன்மாரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும்.

இத்தாலியில் பிள்ளை பதின்மூன்று பதினான்கு வயதிலேயே லிச்சேயோவா, தொழில்நுட்பப் பாடசாலையா, தொழிற்பயிற்சிப் பாடசாலையா என்று தெரிவுசெய்தாகவேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பும்போது மட்டும் மகளின் விருப்பத்தைக் கேட்பது காலங்கடந்த ஜனநாயகம். கை அறியாத ஒன்றை மனம் எப்படி விரும்பும்?