செட் மாத்திரையில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரை

சின்ன வெங்காயம் குத்தவைத்தே பார்க்க வேண்டிய வெள்ளாமை. நடவு, களையெடுப்பு, பறிப்பு, தாள் அரிவது, பட்டறை போடுவது என்று பச்சைமலை அடிவாரத்தில் பூலாம்பாடி, அரும்பாவூர் வட்டாரத்துக் காடுகளில் அந்தப் பயிர் பெண்களின் முட்டியையும் இடுப்பையும் நம்பித்தான் விளைகிறது. சாயங்காலம் எழுந்து நிற்கும்போது முட்டி கனத்திருக்கும், விரல் மடங்காது. மறுநாள் கூலியை விட முடியாது. அதனால் வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடை.

"அண்ணே, கைகாலெல்லாம் ஒரே குடைச்சல். ஒரு செட் குடுங்க."

"சாப்பிட்டுட்டுப் போடும்மா."

பேச்சு அவ்வளவுதான். காகித உறைக்குள் நாலு மாத்திரை விழும். காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. நாலாவது, உளுந்தை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை. அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பதால் பெயரும் தெரியாது, தேதியும் தெரியாது. விலையும் மிகக் குறைவு. மற்ற மூன்றும் செய்யாத வேலையை அந்தச் சின்னதுதான் செய்கிறது. காலையில் உடம்பு காற்று மாதிரி லேசாகிவிடும். பல ஊர்களில் அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். இரண்டும் ஸ்டீராய்டு.

இது பூலாம்பாடிப் பக்கத்துக் கதை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் கூலி வேலை நடக்கிற ஊர்களிலெல்லாம் 'செட் மாத்திரை' என்றால் விளக்கம் தேவையில்லை. அழற்சியைக் குறைக்கும் உணவு எது என்று நகரத்தில் ஓயாமல் பேசுகிறார்கள். மஞ்சளும் பூண்டும் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சமாகவே போய்ச் சேர்கிறது. கிராமத்தில் அழற்சியை உண்மையில் குறைத்துக்கொண்டிருப்பது பெயரில்லாத இந்த மாத்திரை. குறைப்பதுதான் ஆபத்தும்.

காலில் சீமைக்கருவேல முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது. இதுதான் அழற்சி. இந்த நான்கு அடையாளங்களையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி எழுத்தாளர் செல்சஸ் குறித்துவைத்தார். வெகுகாலம் அழற்சியை நோயென்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 1882-ல் இத்தாலியின் மெசினா ஊரில் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. சிவப்பும் வீக்கமும் உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை என்பதற்கு வழி திறந்த சோதனை அது. 1908-ல் நோபல் பரிசு வந்தது. ரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாய்ச் சுவர் கசிவதால் வீக்கம். வெள்ளணுக்கள் கிருமியைத் தின்று மடிந்த மிச்சம்தான் சீழ். வேலை முடிந்ததும் அதே உடல் அதை அடக்கவும் செய்கிறது. அடங்காமல் நின்றுவிட்டால், அல்லது சொந்த மூட்டையே அந்நியமாக எண்ணித் தாக்கினால், அது நோய். முடக்குவாதம் அப்படிப்பட்டது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட 29 வயதுப் பெண்ணுக்கு, கார்டிசோன் என்று பின்னர் பெயர் பெற்ற ஸ்டீராய்டு மருந்தை ஃபிலிப் ஹெஞ்ச் குழுவினர் ஊசியில் கொடுத்தார்கள். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார், கடைவீதிக்கே போய் வந்தார். 1950-ல் அதற்கும் நோபல். ஆனால் ஊசி தொடரத் தொடர முகம் ஊதியது, வேறு தொல்லைகளும் வந்தன. மருந்தை நிறுத்தினால் வலி பழையபடி திரும்பியது. ஸ்டீராய்டு நோயைத் தீர்ப்பதில்லை, அழற்சியை அமுக்கி வைக்கிறது என்பது அப்போதே தெரிந்துபோனது. எழுபது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த இந்தச் சங்கதி வெங்காயக் காட்டுக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

கணக்கைப் பாருங்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கிறது. ஒரு நாளுக்கு அது செய்கிற வேலையைச் சுமார் முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் செய்து முடித்துவிடும். அந்தச் சின்ன மாத்திரை அரை மில்லிகிராம். காலையும் இரவும் போட்டால் ஒரு மில்லிகிராம். சில வாரம் இப்படிப் போனால் சுரப்பி சோம்பிவிடுகிறது. பிறகு ஒரு நாள் காசில்லாமலோ கடை பூட்டியிருந்தோ மாத்திரை நின்றால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு. கூடவே காய்ச்சலோ பேதியோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்கு முன்பே மற்றவை நடந்துகொண்டிருக்கும். முகம் உப்பும். "சதை பிடிச்சிருக்கே, மாத்திரை ஒத்துக்கிச்சு" என்று அக்கம்பக்கத்தார் சந்தோஷப்படுவார்கள். கை கால் மெலியும், லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும். எலும்பு அரித்து, மெதுவாக விழுந்தாலே இடுப்பு உடையும். என்னை அதிகம் பயமுறுத்துவது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். கிருமி உள்ளே இருந்தும் நோய் வராதவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்கள் நுரையீரலில் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றிவளைத்துப் பூட்டி வைத்திருக்கின்றன. அந்தக் காவலும் அழற்சிதான். நாள்பட்ட ஸ்டீராய்டு அந்தப் பூட்டைத் தளர்த்துகிறது. காய்ச்சலையும் அதுவே அமுக்குவதால் நோய் முற்றிய பிறகே தெரியவரும்.

தோலிலும் இதே கதை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அன்றைக்கே நிற்கும், பூஞ்சை பரவிக்கொண்டே போகும். வழக்கமான மருந்துக்குப் படியாத ஒரு பூஞ்சையை 2020-ல் தனி இனமாக வகைப்படுத்தினார்கள். இந்தியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள், டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று. மத்திய அரசு 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மாத்திரைக்கோ சீட்டு விதி முன்பிருந்தே உண்டு.

கொரோனா நினைவிருக்கும். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரை டெக்ஸாமெத்தசோன் காப்பாற்றியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதி மட்டும் ஊருக்குள் வந்தது. 2021-ல் கரும்பூஞ்சை கொரோனா நோயாளிகளின் கண்ணைப் பறித்தபோது, கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தே முன்னால் நின்றன.

கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், கேட்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்கிறார்கள். சரிதான். ஆனால் வெங்காயக் காட்டு முட்டிவலியில் பெரும்பகுதி தேய்மானம், தசைக் களைப்பு. அதற்குத் தினசரி ஸ்டீராய்டு மாத்திரை வைத்தியமே அல்ல. உண்மையான முடக்குவாதத்தின் அடையாளம் வேறு. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்திருக்கும். இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கும். ஆறு வாரம் தாண்டியும் விடாது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து இருக்கிறது. வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் போட வேண்டியது அது, தினமும் போட்டால் விஷம். முதல் சில மாதத்துக்குள் தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். அந்த முதல் சில மாதத்தைத்தான் செட் மாத்திரை தின்றுவிடுகிறது. வீக்கம் வற்றிவிடுவதால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே இருக்கும்.

2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தருகிறது. வருகிற பெண் பணியாளர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? எத்தனை நாளாக? இதைத் திட்டத்தின் வேலையாகவே சேர்க்க வேண்டும். மருந்துக்கடையில் எந்த மாத்திரையையும் பெயர் தெரிகிற அட்டையோடுதான் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ பெயரில்லாத சின்ன மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் நீங்களாகச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். உறையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். எத்தனை நாளாகப் போடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது மருத்துவர் கையில் இருக்கட்டும்.