மரத்தைக் காப்பவர் உடம்பையும் காக்கட்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியான் பருவம் களைகட்டும். பழம் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் உதிரும். உடனே பொறுக்காவிட்டால் காட்டுப்பன்றியும் அணிலும் முந்திக்கொள்ளும். எனவே தோட்டக்காரர் குடிலிலேயே படுத்து, சத்தம் கேட்டதும் நெற்றி விளக்கோடு எழுந்து ஓடுவார். வாரக்கணக்கில் அரைத் தூக்கம், ஆறிப்போன சோறு, நேரம் தவறிய மாத்திரை. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது ஆபத்தான காலம்.

இரண்டு பேர் முறைவைத்து விழித்தால் இருவருக்கும் தூக்கம் கிடைக்கும். மரத்தடிக்குப் போகும்போது தலைக்கவசம் கட்டாயம். இரண்டு கிலோ முள்பழம் உச்சிக்கிளையிலிருந்து விழுந்தால் உயிருக்கே உலை. கூடையைப் பாதி நிரப்பி இரு நடை நடந்தால் முதுகும் முழங்காலும் தப்பிக்கும்.

கீழே சுங்கை பூரோங் நெல்வயல்களில் கவலை வேறு. எலியின் சிறுநீர் கலந்த சேறு, காலில் உள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். பூட்ஸ் போடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோலோடு நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் முதலில், “நான் வயலில் இறங்கி வேலை செய்கிறேன்” என்று சொல்லுங்கள். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

களைக்கொல்லியின் கொடுமையை நம் சமூகம் அனுபவித்தே அறிந்தது. தோட்டங்களில் பாராகுவாட் தெளித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். மலேசியாவில் 2002இல் அதற்கு வந்த தடை 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று விற்பனையில் உள்ள மருந்துகளும் விஷமே. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தெளிக்க வேண்டாம். காற்றுக்கு எதிராக நின்று அடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்து, அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

டுரியான் பூக்கும் நேரத்தில் பெய்யும் மழை ஒரு வருட வருமானத்தையே அடித்துப் போகும். அந்தக் கவலையைத் தனியே சுமக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்து மனம்விட்டுப் பேசலாம்.

சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. 2020 முதல் விவசாயிகளும் அதில் சேரலாம். வேலையில் விபத்து நேர்ந்தால் சிகிச்சைக்கும் வருமான இழப்புக்கும் அது கைகொடுக்கும். பிள்ளைகளே, அடுத்த பருவத்துக்கு முன் அப்பா அம்மாவின் பெயரை அதில் பதிந்துவிடுங்கள்.