ஆஸ்துமா: இன்ஹேலர் எடுத்தாச்சு, மூச்சும் வந்தாச்சு... அதோடு முடிந்ததா?

பேருந்தைப் பிடிக்க ஓடுகிறீர்கள். நெஞ்சு இறுகுகிறது. மூச்சு விடும்போது விசில் சத்தம். பையிலிருக்கும் நீல நிற இன்ஹேலரை எடுத்து இழுத்ததும், "அப்பாடா, சரியாயிடுச்சு!"

மூச்சு சரியாகியிருக்கலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் வாங்கிய அடி?

மூச்சுக்குழாய் ஏன் இறுகுகிறது?

மூச்சுக்குழாய்களைச் சுற்றித் தசை இருக்கிறது. தூசி, புகைமூட்டம், சளிக்காய்ச்சல் போன்றவை ஆஸ்துமா உள்ளவர்களைத் தாக்கும்போது அந்தத் தசை சுருங்கிக் குழாயை நெரிக்கும்.

பபிள் டீ ஸ்ட்ராவுக்குப் பதில் மெல்லிய ஸ்ட்ராவில் மூச்சு விட்டுப் பாருங்கள், புரியும். காற்று சீராகச் செல்லும் ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், தடை 2 மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும்.

நெரித்தால் உள்ளே என்ன ஆகும்?

உச்ச நேர எம்ஆர்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் சுருங்கும்போது உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கப்படுகின்றன. நெரிசல் தாங்காமல் சில வெளியே தள்ளப்படுகின்றன.

தேவைக்கு அதிகமான உயிரணுக்களை உடல் இப்படி வெளியேற்றுவது வழக்கம்தான். ஆனால் ஆஸ்துமா தாக்கும்போது ஒரே நேரத்தில் ஏராளமானவை உதிர்ந்துவிடுகின்றன. சுவரில் ஓட்டை விழுகிறது. வீக்கமும் சளியும் கூடுகின்றன. அடுத்த தாக்குதலுக்கு வழி பிறக்கிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதை எலிகளிலும் மனித நுரையீரல் திசுக்களிலும் கண்டறிந்தனர். 'சயன்ஸ்' சஞ்சிகையில் 2024இல் அந்த ஆய்வு வெளியானது.

நெரிசல் மட்டுமே காரணமாக முடியுமா?

பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 48 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. ஒவ்வாமைப் பொருள் இல்லாமல், தசையைச் சுருக்கும் மருந்தை மட்டும் சிலர் சுவாசித்தனர். ஒவ்வாமையால் வரும் வீக்கம் கூடவில்லை. இருந்தும் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்தது. தசை சுருங்காமல் முன்கூட்டியே மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

நீல இன்ஹேலர் போதாதா?

அது தசையைத் தளர்த்தும். அவசரத்தில் உயிரைக் காக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஆனால் 2024 ஆய்வில், குழாய் சுருங்கிய பிறகு கொடுத்த அதே வகை மருந்தால் உயிரணுக்கள் உதிர்வதைத் தடுக்க முடியவில்லை. கடோலினியம் எனும் பொருள் எலிகளில் அதைத் தடுத்தது. மனிதர்களுக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

அப்போ, என்ன செய்யலாம்?

- மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை, "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள். 12 வயதுக்கு மேற்பட்டோர் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டி கூறுகிறது.
- நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- இன்ஹேலர் எடுத்தும் மூச்சுத்திணறல் குறையவில்லையா? முழு வாக்கியம் பேச முடியவில்லையா? உதடு நீலமாகிறதா? உடனே 995ஐ அழையுங்கள்.

தாக்குதல் வந்த பிறகு சமாளிப்பதைவிட, மூச்சுக்குழாய் நெரிபடாமல் பார்த்துக்கொள்வதே மேல்.