நெடுந்தூரச் சைக்கிள் பிரயாணத்திற்கேற்ற ஆகாரம்

காவிரிப் பாசனப் பிரதேசம் மேடு பள்ளமின்றிச் சமதரையாக அமைந்திருப்பதால் சைக்கிள் பிரயாணத்திற்கு மிகவும் அனுகூலமானது. வயல் பார்க்கவும், மதகுகளைக் கவனிக்கவும், கடைத்தெருவிற்குச் சென்று வரவும் கிராமவாசிகள் நெடுங்காலமாகச் சைக்கிளை உபயோகித்து வருகின்றனர். அரசாங்கத்தார் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வருவதால், குடியானவர் வீடுகள் பலவற்றிலும் அது காணப்படுகிறது. அண்மைக் காலத்தில், தேகப் பயிற்சியை உத்தேசித்தும் யாத்திரையாகவும் ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் வழக்கமும் இளைஞரிடையே பரவி வருகிறது. இத்தகைய பிரயாணத்தில் எதை, எப்பொழுது, எவ்வளவு உண்ண வேண்டுமென்பது அற்ப விஷயமன்று. அறியாமையால் வழியில் சோர்ந்து விழுவோரும், வயிற்றைக் கெடுத்துக்கொள்வோரும் உண்டு.

சமதரைக்கும் ஒரு குறை உண்டு. மலை நாட்டில் ஏற்றத்தில் வருந்தினவர் இறக்கத்தில் இளைப்பாறுவர். தஞ்சைப் பிரதேசத்திலோ காலை முதல் முடிவு வரை மிதித்த வண்ணமே இருத்தல் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்றும், கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து வரும் காற்றும் எதிர்த்துவிடின் உழைப்பு இன்னும் மிகும்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை மார்க்கமாகப் பூம்புகார் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். விடியற்காலையில் காப்பி மட்டும் அருந்திப் புறப்படுகிறவர் கும்பகோணம் வரையில் களைப்பின்றிச் செல்வார். மயிலாடுதுறையை எட்டுமுன் கால்கள் துவளும், கைகள் நடுங்கும், தலை சுழலும். அப்பொழுது கண்ட கடையில் இறங்கிப் பஜ்ஜியும் பரோட்டாவும் வயிறு நிறைய உண்பார். உண்டபின் வயிறு கனத்து, முன்னிலும் அதிகத் தொல்லையுண்டாகும். தமக்குத் தேக பலம் போதாதென்று அவர் எண்ணுவார். உண்மையில் குறை தேகத்திலன்று, ஆகாரத்தை ஏற்பாடு செய்த முறையிலேயே உள்ளது.

சரீரத்திலுள்ள பத்தாயம்

உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாறித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. இச்சேமிப்பு சாதாரணமாக 400 முதல் 500 கிராம் வரையில் இருக்கும். கடுமையாக மிதிப்பவருக்கு இஃது ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்திற்கே போதும். சரீரத்தில் கொழுப்பு ஏராளமாயிருப்பினும், வேகமான உழைப்பிற்கு வேண்டிய அளவு சக்தியை அது விரைவில் அளிப்பதில்லை. ஆகவே பத்தாயத்து நெல் தீருமுன் மறு நெல் வந்து சேர வேண்டுவது போல, சேமிப்பு குறையுமுன்னரே வாய்வழியாகச் சிறிது சிறிதாக மாவுச்சத்தைச் செலுத்தி வருதல் அவசியம்.

பயிர் வாடி நிலம் வெடித்த பின் வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சுவதைக் காட்டிலும், முறை தவறாமல் அளவோடு பாய்ச்சுவதே சிறந்ததென்பதைக் காவிரிக் குடியானவருக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. சைக்கிள் பிரயாணத்தில் ஆகாரத்திற்கும் அதுவே விதி. பசி தோன்றிய பின் உண்பது தாமதித்து உண்பதாகும்.

அளவு யாது?

ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பிரயாணத்தில் வழியில் ஒன்றும் உண்ண வேண்டுவதில்லை. தாலுகா ஆபீசிற்குப் போய்வரும் கிராம அதிகாரிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேற்பட்ட நீண்ட பிரயாணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவையென்பது நிபுணர்களின் கருத்து. மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்டுக் கடுமையாக உழைப்போர், பழகிக்கொண்டால், மணிக்கு 90 கிராம் வரையும் ஜீரணிக்கக்கூடும். ஆனால் அவ்வளவும் ஒரே வகைச் சர்க்கரையாயிருத்தல் கூடாது. அரிசி மாவுச்சத்து குடலில் குளூகோஸாக மாறுகிறது. குடல் இதனை மணிக்குச் சுமார் 60 கிராமே உறிஞ்சவல்லது. பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுகிறது. ஒரே வாய்க்காலில் அடங்காத தண்ணீரை இரண்டு வாய்க்கால்களில் விடுவது போன்றதே இது. வெல்லத்திலும் வாழைப்பழத்திலும் இவ்விருவகைச் சர்க்கரையும் உள்ளன. ஆதலின் அரிசிப் பண்டத்துடன் வெல்லமோ வாழைப்பழமோ சேர்த்துண்ணும் பழைய வழக்கம் சாஸ்திரத்திற்கும் பொருந்துவதாகும்.

அந்நிய நாடுகளின் அனுபவம்

இக்காலத்தில் சைக்கிள் பந்தயக்காரர்களுக்கென்று சர்க்கரைக் குழம்பு அடைத்த சிறு பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். இவை தீயனவல்ல, எனினும் இன்றியமையாதனவுமல்ல. 2012-ல் அமெரிக்காவில் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டச் செய்து, ஒரு முறை வாழைப்பழமும் மறுமுறை சர்க்கரைப் பானமும் கொடுத்துப் பார்த்தனர். வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. 2019-ல் இல்லினாய் சர்வகலாசாலையார், பிசைந்த உருளைக்கிழங்கும் சர்க்கரைக் குழம்புக்குச் சமமான பலனை அளிப்பதாகக் கண்டனர். ஆனால் அதிகக் கனமுள்ள உணவாதலால் கிழங்குண்டவர்களுக்கு வயிற்று உபத்திரவம் சற்று மிகுதியாயிருந்தது. இவ்விரு சோதனைகளாலும் அறியத்தக்கது யாதெனில், இயற்கை உணவு போதுமானதே. ஆயின் அதன் கனத்தையும் நார்ச்சத்தையும் கவனித்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டுமென்பதே.

பிரான்சு தேசத்துப் பெரும் பந்தயங்களில் கலந்துகொண்ட குழுவினருக்கு ஆலன் லிம் என்னும் உடலியல் நிபுணர் சோற்றையே கட்டியாக அழுத்தி வெட்டிக் கொடுத்து, அம்முறையைப் பிரபலப்படுத்தினார். 2013-ல் வெளியான நூலொன்றில் அவரும் அவருடைய சமையற் கூட்டாளியும் இம்முறைகளை விவரித்துள்ளனர். குளிர்நாட்டுச் சாலைகளில் சோற்றுருண்டை புகழ் பெற்றிருக்க, நெல் விளையும் நாட்டார் அதனை மறந்து வேறு பொருளைத் தேடுவது வியப்பேயாகும்.

கையிலுள்ள பொருள்களின் தராதரம்

அவல்: நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியதாதலின் இது முன்னமே வெந்த உணவாகும். நூறு கிராமில் சுமார் 77 கிராம் மாவுச்சத்துள்ளது. சிறிது தண்ணீரில் நனைத்தால் உண்ணத்தக்கதாகும். பிரயாணத்திற்கு இதனினும் ஏற்றது கிடைத்தல் அரிது.

பொரி: எளிதில் ஜீரணமாவது. ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலின் பையில் அதிகம் கொண்டுசெல்ல இயலாது. தங்குமிடங்களில் உண்ணலாம்.

சோறு: நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்துண்டு. புளியோதரையைக் கைப்பிடியளவு உருண்டைகளாக்கி வாழையிலையில் தனித்தனியே கட்டிக்கொள்ளலாம். எண்ணெயும் மிளகாயும் வழக்கத்திற் பாதியாயிருத்தல் நலம்.

இட்டிலி: இரண்டு இட்டிலியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்துண்டு. பொடி தடவிய இட்டிலி வழிக்கு ஏற்றது. தேங்காய்ச் சட்டினி விரைவில் கெடுமாதலின் அதனைத் தவிர்க்க வேண்டும்.

வாழைப்பழம்: சிறிய பூவன் பழமொன்றில் சுமார் 15 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. தோலே உறையாயிருப்பதால் கை சுத்தமில்லாத போதும் உண்ணலாம்.

கடலை மிட்டாய், எள்ளுருண்டை: சுவையும் சத்தும் மிக்கவை. ஆயினும் எண்ணெய்ச்சத்து மிகுதியாதலால் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். மெதுவான பிரயாணத்தில் சிறிதளவு உண்ணலாம். வேகமாக மிதிக்கும்போது ஆகா. வடை, பஜ்ஜி, பரோட்டா முதலியவை பிரயாணம் முடிந்த பின்னரே.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலிய சிவப்பரிசி ரகங்கள் தவிடும் நாரும் மிகுந்தவை. புறப்படுவதற்கு முன்னாள் உணவிற்கு அவை மிகவும் உகந்தவை. ஆனால் அந்த நாரே சைக்கிளின் மேலிருக்கும்போது வயிற்றில் பாரமாகும். வழிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும் அவலுமே ஏற்றவை. வீட்டிற்குச் சிறந்தது வழிக்கும் சிறந்ததென்று கொள்ளுதல் தவறு.

அவல் உருண்டை செய்யும் முறை

அவல் 200 கிராம் எடுத்து இளவறுப்பாக வறுத்துப் பொடிக்கவும். பொட்டுக்கடலை 50 கிராமையும் பொடித்துச் சேர்க்கவும். வெல்லம் 150 கிராமைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சி, சுக்குத்தூள், ஏலம், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றுடன் பொடியிற் கலந்து, கைக்குச் சிறிது நெய் தடவி 16 உருண்டைகளாகப் பிடிக்கவும். ஒவ்வோர் உருண்டையிலும் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். மணிக்கு இரண்டு அல்லது மூன்று உருண்டைகள் போதும். இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக, நன்றாக மென்று, தண்ணீருடன் உண்ண வேண்டும். கடையிற் கிடைக்கும் ஒரு பொட்டலத்தின் வேலையை ஓர் உருண்டை செய்துவிடும்.

தண்ணீரும் உப்பும்

உஷ்ணப் பிரதேசத்தில் மிதிப்பவருக்கு மணிக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். அதனுடன் உப்பும் வெளியேறுகிறது. தாகத்தையும் வெயிலையும் அனுசரித்து மணிக்கு 400 முதல் 800 மில்லி லிட்டர் வரை சிறுகச் சிறுக அருந்தலாம். வெறுந் தண்ணீரையே அளவு கடந்து குடிப்பதும் அபாயமாகும். இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் முதலியவை நேரும். இளநீரில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து மிகுதி; வியர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. ஆகவே இளநீரோடு உப்பிட்ட நீர்மோரும் வேண்டும். ஒரு லிட்டர் மோருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதுமானது. சித்திரை, வைகாசியில் விடியுமுன் புறப்பட்டு, காலை 10 மணிக்குள் நிழலையடைதல் உத்தமம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக வியாதி உள்ளவர்கள் வைத்தியரைக் கலந்தே வெல்லத்தையும் உப்பையும் அளவிட வேண்டும்.

கட்டுச்சோறு கெடாதிருக்க

சோற்றினால் ஒரு தீங்கும் நேரக்கூடும். பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்து அரிசியில் உண்டு. கொதிநீரிலும் அது அழிவதில்லை. வடித்த சோற்றைச் சூட்டோடு மூடிக் கட்டினால் அவ்வித்து முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும். பின்னர்ச் சுடவைத்தாலும் அவ்விஷம் நீங்காது. ஆதலின் சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்த பின்னரே கட்ட வேண்டும். புளியின் புளிப்பு கிருமிகளைத் தடுப்பதால் புளியோதரை நடுப்பகல் வரை தாங்கும். தயிர்ச்சோற்றைப் புறப்பட்ட நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். வாடை மாறிய சோற்றை எவ்வளவு பசியிலும் உண்ணலாகாது.

குடியானவர்களுக்கு ஆகும் பயன்

200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் பிரயாணங்களை ஆடாக்ஸ் இந்தியா ராண்டனேர்ஸ் என்னும் அமைப்பினர் இத்தேசத்தில் நடத்தி வருகின்றனர். 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் 1,200 கிலோமீட்டர் பிரயாணத்திற்கு இந்தியரும் செல்கின்றனர். இப்பிரயாணிகளுக்கு வேண்டுவன அவல், வெல்லம், வாழைப்பழம், மோர் ஆகியவையே. இவை யாவும் காவிரிப் பிரதேசத்தில் கிடைப்பன. நெல்லை நெல்லாகவே விற்பதைக் காட்டிலும், ஒரு பகுதியை அவலாக்கிச் சுத்தமாக உருண்டை பிடித்து, எடையும் செய்த தேதியும் குறித்து விற்றால், கூலியும் ஆதாயமும் கிராமத்திலேயே தங்கும். நெல் ரகங்களைப் பற்றி 1922-ல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரையும், பதனிடும் முறைகளைப் பற்றித் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிலையத்தாரையும் கலந்துகொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது தக்க தொழிலாகும். நெடுஞ்சாலையோரத்துக் கிராமங்களில் சுத்தமான தண்ணீரும், மோரும், பழமும் கிடைக்கும்படி செய்தலில் ஊராட்சியாரும் கிராம அதிகாரிகளும் சிரத்தை கொள்வார்களாக.

எந்த ஆகாரமாயினும் நெடும் பிரயாண தினத்தில் முதன்முறையாகச் சோதிக்கலாகாது. முன்னதாக 30, 40 கிலோமீட்டர் தூரத்திற்குச் சென்று, தம் வயிற்றிற்கு ஒத்ததையும் ஒவ்வாததையும் ஒவ்வொருவரும் தாமே கண்டறிய வேண்டும். கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பது பழமொழி. இங்குச் சொல்லப்பட்டவற்றை விவசாயிகள் தங்கள் சொந்த அனுபவத்தில் பரீட்சித்துப் பார்த்துக்கொள்வார்களாயின், நூறு கிலோமீட்டரின் முடிவிலும் தெளிந்த தலையோடு வீடு திரும்புவர்.