சராசரியை நம்பி எழுதிய செக்

"வாரத்துக்கு எவ்வளவு விற்பனை?" என்று நம்மவர்களிடம் கேட்டால் உடனே ஒரு சராசரிக் கணக்கைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்தச் சராசரி ஒருமுறை என்னைத் தலைகுனிய வைத்தது.

2003ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, என் புடவைக் கடைக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தேன். வாராவாரம் மாறும்படி முன்கூட்டியே செக் எழுதிக் கொடுக்க வேண்டும். கடந்த 11 வார விற்பனையைக் கூட்டிப் பிரித்தேன். 88 ஆயிரம் ரூபா வந்தது. செலவுக்கு 28 ஆயிரம் போனாலும் 60 ஆயிரம் மிஞ்சும் என்று ஒவ்வொரு செக்கையும் 60 ஆயிரத்துக்கு எழுதினேன். கையிலிருந்த பணத்தில் முதல் இரண்டும் மாறின. மூன்றாவது திரும்பி வந்தது. பல வருட நாணயம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது.

அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகன் என் கொப்பியைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதுக்குச் சராசரி சரிவராது, காலணை பார்க்கணும்" என்றான். 11 வாரத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினான் (ஆயிரம் ரூபாவில்):

48, 51, 55, 58, 60, 62, 64, 66, 70, 210, 224

பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரங்கள்தான் கடைசி இரண்டு எண்களும். மற்ற ஒன்பது வாரங்களில் ஒன்றிலாவது விற்பனை 88ஐத் தொடவில்லை!

காலணை காண்பது எளிது. எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி நான்கால் பிரியுங்கள். 12ஐ நான்கால் பிரிக்க 3. மூன்றாவது எண்ணான 55 முதலாம் காலணை. ஆறாவது எண்ணான 62 நடு எண், அதாவது இடையம். ஒன்பதாவது எண்ணான 70 மூன்றாம் காலணை. 70இலிருந்து 55ஐக் கழித்தால் 15. இதுவே காலணையிடை வீச்சு. நடுப்பாதி வாரங்களின் விற்பனை இந்த 15 ஆயிரத்துக்குள்தான் ஏறி இறங்குகிறது. 12 வாரக் கணக்கென்றால் 3.25 வரும், மூன்றாவது எண்ணிலிருந்து நான்காவதை நோக்கிக் கால் பங்கு தூரம் போக வேண்டும்.

அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர் ஜோன் டூக்கி 1977இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி காட்டினார். வீச்சை ஒன்றரையால் பெருக்கி மூன்றாம் காலணையோடு கூட்டுங்கள். முதலாம் காலணையிலிருந்து கழியுங்கள். என் கணக்கில் மேல் எல்லை 92.5, கீழ் எல்லை 32.5. இவற்றுக்கு வெளியே நிற்பவை வழமைக்கு மாறானவை. 210உம் 224உம் அப்படிப்பட்டவை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பெருநாள் கணக்கென்று தனியாக வையுங்கள்.

முதலாம் காலணையை நம்பியிருந்தால் 55இல் செலவு 28 போக, செக் 27 ஆயிரத்துக்குத்தான் எழுதியிருப்பேன். சரக்கும் அந்த அளவுக்கே எடுத்திருப்பேன்.

இன்று என் வழக்கம் இதுதான்: கடன் வாக்கை முதலாம் காலணையை வைத்துக் கொடுப்பேன், வழமையான சரக்கை இடையத்தை வைத்து எடுப்பேன். வீச்சு அகலமாக இருந்தால் கையிருப்புப் பணத்தைக் கூட்டுவேன்.

அடுத்த செக்கில் கையொப்பமிடுமுன் உங்கள் விற்பனைக் கொப்பியைத் திறந்து ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை. திரும்பி வந்த செக்கைச் சரிக்கட்ட எனக்கோ பல மாதங்கள் பிடித்தன.