வேலையின்மை வீதமும் இலங்கையின் மாவட்டங்களும்

இலங்கையின் வேலையின்மை வீதம் 1990 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 16 சதவீதமாயிருந்து, 2011 ஆம் ஆண்டளவில் 4 சதவீதத்தை அண்மியது. ஆயினும் இவ்விறக்கம் எங்கும் ஒருபடித்தாக நிகழ்ந்ததன்று. மாத்தறை, அம்பாந்தோட்டை முதலிய தென்மாவட்டங்கள் நெடுங்காலம் நாட்டின் சராசரிக்கு மேலேயே நின்றன. தோட்டப்புறங்களிலோ பல ஆண்டுகளில் வீதம் குறைந்தே காணப்பட்டது. அங்ஙனமாயின் தோட்டத் தொழிலாளி தென்மாகாணத்து இளைஞனிலும் நல்வாழ்வு வாழ்கின்றானோ?

விடை வரைவிலக்கணத்திற் பொதிந்துள்ளது. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் தொழில் செய்தவர் வேலையுள்ளவராகவே கொள்ளப்படுவர். கொழுந்து குறைந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே பெயர் பதியப்பெற்ற பெண்ணும் அக்கணக்கின்படி வேலையுள்ளவளே. அவளது கூலி போதுமா என்பதை வீதம் கேட்பதில்லை. 2019 ஆம் ஆண்டில் தோட்டத்துறையில் 33.8 சதவீதத்தினர் வறியோராயிருந்தனர். நகர்ப்புறத்தில் அத்தொகை 6 சதவீதமே. வேலையின்றிக் காத்திருத்தற்கும் சிறிது வசதி வேண்டும். காத்திருப்பவனுக்குச் சோறிட ஒருவர் வேண்டும்.

தெற்கின் நிலை இதற்கு மறுதலையானது. இலவசக் கல்வியின் பயனாய் உயர்தரம் வரை கற்ற இளைஞர் பெருகினர். அவர்கள் விரும்பிய அரசாங்க உத்தியோகம் அவ்வளவு பெருகவில்லை. 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சியில் ஈடுபட்டோருட் பெரும்பாலார் இத்தகைய கிராமப்புற இளைஞரே. அவ்வாண்டிலேயே டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கற்றவரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தமின்மையை முதன்மையாக எடுத்துக்காட்டியது. இன்றும் க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையேதான் வீதம் மிகுந்துள்ளது.

பெண்களை நோக்குமிடத்து இன்னொரு மறைவு புலனாகின்றது. தொழில் தேடாதவர் தொழிற்படையிற் சேர்க்கப்படார். நாடளாவிய நிலையில் ஆடவருள் பத்துக்கு ஏழு பேரளவில் தொழிற்படையில் உளர். மகளிருள் மூன்றிலொரு பங்கினரே உளர். வடக்கிலும் கிழக்கிலும் இப்பங்கு மேலும் குறைவு. வேலை கிடையாதென்று தேடுதலையே கைவிட்ட பெண், வீட்டுப் பணி செய்பவளெனப் பதியப்பட, மாவட்டத்தின் வீதம் தாழ்கின்றது! இவ்வீதத்தை மட்டும் கொண்டு தொழிற்பேட்டைகளுக்கு இடம் வகுப்பின், மிகத் தேவையான இடமே விடுபட்டுப்போகும்.

இடப்பெயர்வும் கணக்கை மாற்றுகின்றது. சொந்த மாவட்டத்தில் தொழில் காணாதோர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறையெடுத்துத் தங்குவாராயின், அவர்தம் வேலையின்மையும் காலப்போக்கிற் கொழும்பின் கணக்கிற் சேரும். மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோர் எந்த மாவட்டத்தின் கணக்கிலும் இல்லை.

காலவரிசை ஒப்பீடோ இன்னும் இடர்மிக்கது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 இல் தொடங்கிய தொழிற்படை அளவீட்டில், போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. இடையிற் சில பகுதிகள் சேர்ந்தும் விடுபட்டும் வந்தன. 2011 முதலே 25 மாவட்டங்களும் ஒழுங்காக உள்ளடக்கப்பட்டன. முன்னர்ப் பத்து வயதிலிருந்து எண்ணிய தொழிற்படை, பின்னர்ப் பதினைந்து வயதிலிருந்து எண்ணப்பட்டது. ஆதலின் 16 சதவீதம் 4 சதவீதமாயிற்று என்னுங்கால், முதலெண்ணில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அடங்கா, இரண்டாவதில் அடங்கும். மாத்தறைக்கு 1990 முதல் ஒரு வரிசை உண்டு. கிளிநொச்சிக்கு அத்தகைய வரிசை இல்லை.