எச்சில் தட்டும் எருக்குழியும்

சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஜும்ஆ பயான் செய்வதற்காகச் சென்றிருந்தேன். தொழுகை முடிந்ததும் மாணவர் விடுதியின் மெஸ்ஸில் உணவருந்த அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை, ஆகவே நெய்ச்சோறும் தால்ச்சாவும். உண்டு எழுந்து கை கழுவப் போனேன். அவ்விடத்தில் மூன்று பெரிய நீல நிற டிரம்கள். மூன்றும் வாய்வரை நிறைந்திருந்தன. கை படாத சோறு, ஒரு கடி கடித்து விட்ட இறைச்சித் துண்டு, பாதி ஆப்பிள். கண்டதும் உண்ட உணவு கசந்தது.

விடுதியின் பின்புறத்தில் மாணவர்கள் சிலர் எருக்குழி ஒன்று அமைத்திருந்தார்கள். மிஞ்சும் உணவை அதில் இட்டுக் கம்போஸ்ட் உரமாக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தடையாக நின்றவர் சமையற்கட்டின் பண்டாரி. என்னைவிட மூத்தவர். அவர் சொன்னார்: “ஹழ்ரத், சோறு அல்லாஹ்வின் நிஃமத்து. நாற்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். அந்தச் சோற்றைக் குழியில் கொட்டி, சருகு போட்டு மூடி, மண்வெட்டியால் கிளறு என்கிறார்கள். என் கை வரவில்லை. நீங்கள் மார்க்கம் சொல்லுங்கள்.” மாணவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நேயர்களே! அந்தப் பெரியவரின் தயக்கத்தை எள்ளி நகையாட என்னால் இயலவில்லை. கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூட எடுத்து, அதில் ஒட்டிய அழுக்கை நீக்கி உண்ணுமாறும், ஷைத்தானுக்கென அதை விட்டுவிடாதிருக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கின்றது. உண்ட பாத்திரத்தை வழித்து உண்ணுமாறும் ஏவினார்கள். உணவின் எப்பகுதியில் பரக்கத் இருக்கின்றதென்று நாம் அறியமாட்டோம் என்பதே அதற்கு அவர்கள் காட்டிய காரணம். ரொட்டித் துண்டைக் கண்ணியப்படுத்துவது பற்றி இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பைப் பண்டாரி எங்கோ கேட்டிருந்தார். அதன் ஸனது பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருக்கின்றனர். ஆயினும் அவர் உள்ளத்தில் இருந்த அதபு பலவீனமானதன்று.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “பாய், இதுவரை இந்தச் சோறு எங்கே போயிற்று?” அவர் தலை குனிந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, மாநகராட்சி லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே உள்ள குப்பை மேட்டுக்குப் போயிற்று.

அங்கே அதற்கு நேர்வது யாது? பழைய செருப்பும் மருந்துப் புட்டியும் அதன்மேல் விழும். காற்றுப் புகாத அடியாழத்தில் சோறு அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கின்றது. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. சென்னை பெருங்குடிக் குப்பை மேடு 2022 ஏப்ரல் இறுதியில் தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து நம் எச்சில் சோறும் அங்கே புகைகின்றது. அக்கம்பக்கத்து ஏழைகளின் பிள்ளைகள் அதைச் சுவாசிக்கின்றார்கள். நிஃமத்துக்கு அவமரியாதை எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட பெண்ணொருத்திக்கு ஓர் ஆடு தர்மமாகக் கிடைத்தது. அது செத்துப்போயிற்று. அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று வினவினார்கள். அது செத்ததாயிற்றே என்றனர் உடனிருந்தோர். அதை உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று விடை வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்நிகழ்ச்சியைப் பண்டாரியிடம் விரித்துரைத்தேன். உண்ணும் தகுதியை ஒரு பொருள் இழந்துவிட்டாலும், அதில் எஞ்சியிருக்கும் பயனை வீணாக்க நமக்கு உரிமையில்லை. உண்ண முடியாத எச்சில், மண்ணுக்கு உணவாகலாம்; மண் அதைத் திரும்பக் கீரையாகவும் கத்தரிக்காயாகவும் தரும்.

எருவைத் தாழ்வாக நினைக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் நிலத்துக்கு எருக்கூடையைத் தாமே சுமந்து சென்றதாக அறிவிப்பு உண்டு. இஷ்பீலிய்யா நகரத்து இப்னுல் அவ்வாம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண்மை நூலில் எருவுக்கென்றே தனி அத்தியாயம் வகுத்திருக்கின்றார்.

மாணவர்கள் எனக்குக் குழியைக் காட்டினார்கள். வேலை எளிதுதான், ஆனால் கவனம் வேண்டும். சாம்பாரையும் ரசத்தையும் முதலில் வடித்துவிட வேண்டும். ஒரு கூடைச் சோற்றுக்கு இரண்டு மூன்று கூடைக் காய்ந்த சருகு அல்லது மரத்தூள். சோற்றிலும் காய்கறியிலும் தழைச்சத்து மிகுதி. சருகில் கரிச்சத்து மிகுதி. கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற கணக்கில் அமைந்தால்தான் நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யும். ஈரம், பிழிந்த துணி அளவுக்கு. சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும். குவியலின் நடுவே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிச் சில நாட்கள் நீடித்தால் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் மடிகின்றன. நான் கை வைத்துப் பார்த்தேன். நெருப்பருகே வைத்தாற்போல் இருந்தது. துர்நாற்றம் வீசினால் காற்றுக் குறைவு, ஈரம் மிகுதி என்று பொருள். உப்பும் எண்ணெயும் மண்புழுக்களுக்கு ஆகாதவை. எனவே சூடு தணிந்து, பதம் வந்த பின்னரே புழுக்களை விடுகின்றார்கள். எலும்புகள் எளிதில் மக்குவதில்லை. நாய்களையும் எலிகளையும் அழைத்து வரும். ஆகவே அவற்றைத் தனியே பிரிக்கின்றனர்.

கோழி அறுத்த இரத்தம் முதலிய நஜீஸ் எருவில் கலந்தால் என்ன சட்டம் என்று ஒரு மாணவர் வினவினார். அது முற்றிலும் மண்ணாக மாறிவிட்டால் தூய்மையாகும் என்பது ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா அளிக்கப்படும் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வாறன்று; எனினும் அந்த எருவில் விளைந்த பயிர் தூய்மையானதே. அறுவைக் கழிவை அக்குழியில் சேர்க்காதிருந்தால் இந்த விவாதமே எழாது.

இவ்வளவும் சொன்ன பிறகு மாணவர்களிடம் கசப்பான ஒன்றையும் சொன்னேன். குழி வெட்டிவிட்டதால் தட்டில் மிச்சம் வைக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் (7:31) அல்லாஹ் விரயத்தைத் தடுத்திருக்கின்றான். முதல் உரிமை பசித்த வயிற்றுக்கு, அடுத்தது கால்நடைக்கு, அதன் பின்னரே குழிக்கு. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தரும் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 29 கோடி டன் உணவகம், விடுதி போன்று உணவு பரிமாறும் இடங்களில். இத்தனைக்கும் குழி வெட்ட முனைவதைவிடக் கரண்டியைச் சுருக்குவது எளிதல்லவா?

அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகம் 2009-இல் மூடிய கலன் அமைத்துத் தன் உணவுக்கூடங்களின் கழிவை எருவாக்கத் தொடங்கி, 2012-இல் அதை விரிவாக்கியது. 2008-ஐ ஒட்டி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல வேறொன்றும் செய்தன: உணவுக்கூடத்திலிருந்து பெரிய தட்டங்களை அகற்றிவிட்டன. கையில் ஏந்த முடிந்த அளவே மாணவர் எடுத்தனர்; வீணாவது குறைந்தது. நம் நாட்டிலும், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. விதியால் குழி வரும். தட்டைக் காலியாக்க விதி ஏது? நம் வீட்டுத் திருமணங்களில் நால்வர் ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும்போது ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துண்பார். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு வந்தபின் அது போயிற்று.

பண்டாரி ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை. “சரி ஹழ்ரத், மிஞ்சியது குழிக்குப் போகட்டும். மிஞ்சாமல் அளந்து சமைத்தால் போதவில்லை என்று பிள்ளைகள் சத்தம் போடுகிறார்களே, அதற்கென்ன ஃபத்வா?” என்றார். ஒருவரின் உணவு இருவருக்கும், இருவரின் உணவு நால்வருக்கும் போதும் என்ற கருத்துடைய ஹதீஸை நினைவூட்டினேன். பெரியவர் சிரித்தார்.

“இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? அடுத்த முறை மிம்பரில் ஏறி அவர்களிடம் சொல்லுங்கள்” என்றார். சொல்வதாக வாக்களித்துவிட்டு வந்தேன்.